ஞாபிகாவிடம் கேளுங்கள்

மேன்மை ஷூஸ் கம்பெனியில் ஃபோல்டர்களை ஒழித்த நாளன்று ஆளுக்கு ஒரு சமோசாவும் ஒரு டீயும் கொடுத்தார்கள். ஆம்பூரில் ஒரு விசேஷத்தின் கனத்தைத் தட்டில் என்ன வருகிறது என்பதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். பிரியாணி என்றால் பெரிய மனிதர் யாரோ வருகிறார். கேக் என்றால் யாரோ யாரையோ பாராட்டிக்கொள்கிறார்கள். சமோசா என்றால் வேலை கூடப்போகிறது.

அன்பரசன் சமோசாவைத் தின்றுவிட்டுக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு காத்திருந்தான். அவனுக்குப் பேட்டர்ன் ரூமில் வேலை. ஷூவுக்கு வெட்ட வேண்டிய தோல் துண்டுகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து கட்டிங் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்து இதே நாற்காலி. நாற்காலியின் ஸ்பாஞ்சு போய்விட்டது, ஆள் மட்டும் பாக்கி.

அவன் கம்ப்யூட்டரில் ஃபோல்டர்கள் இருந்தன. ‘ஜெர்மனி புதுசு’, ‘ஜெர்மனி ரொம்பப் புதுசு’, ‘பையர் திட்டினது’, ‘திட்டினப்புறம் மாத்தினது’, ‘தொடாதே’, ‘தொடாதே 2’. பையர் என்றால் ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர். இந்த ஏற்பாடு வேறு யாருக்கும் புரியாது. புரிய வேண்டும் என்று யாரும் ஆசைப்பட்டதும் இல்லை. போன வருஷம் இத்தாலிக்கு என்ன பக்கிள் வைத்தோம் என்று கேட்டால், டீ டம்ளரைக் கீழே வைக்காமலே எடுத்துக் கொடுப்பான். சில சமயம் தப்பான பக்கிள் வரும். அதையும் இத்தாலிக்காரர்கள் போட்டுக்கொண்டு நடந்தார்கள்.

ஒரே ஒரு ஃபைலை மட்டும் அவன் எந்த ஃபோல்டரிலும் வைக்கவில்லை. ரீசைக்கிள் பின்னில் வைத்திருந்தான். மேனேஜர்கள் வருவார்கள், ஆடிட்டர்கள் வருவார்கள், எல்லாவற்றையும் திறந்து பார்ப்பார்கள். குப்பைத் தொட்டிக்குள் மட்டும் யாரும் கையை விடமாட்டார்கள். உலகத்திலேயே பத்திரமான இடம் அதுதான் என்பது அன்பரசனின் முடிவு. ஃபைலின் பெயர் ‘ஜோதி வலது’.

ஜோதி அவனுடைய அக்கா. ஆலங்காயத்துக்கு அப்பால் மலையடி ஊர்களில் கிராம சுகாதார நர்ஸ். பஸ் போகாத இடத்துக்கெல்லாம் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் போக வேண்டும். சின்ன வயதில் வந்த போலியோ அவளுடைய வலது காலை வளரவிடவில்லை. இடது காலுக்கு முப்பத்தொன்பதாம் நம்பர் ஷூ, வலது காலுக்கு முப்பத்தாறு. கடையில் வாங்கினால் இரண்டு ஜோடி வாங்கி ஜோடிக்கு ஒன்றைத் தூக்கிப் போட வேண்டும். அதிலும் வலது நிற்காது. அதனால் அன்பரசன் அவள் வலது காலுக்கென்று ஒரு பேட்டர்ன் வரைந்தான். முதல் ஷூ கணுக்கால் எலும்பைக் கடித்தது. அடுத்தது குதிகாலில் கழன்று கழன்று வந்தது. அவள் ஒவ்வொரு முறையும் திட்ட, இவன் ஒவ்வொரு முறையும் திருத்த, ஒருவழியாக அந்த ஃபைல் அவள் காலைக் கற்றுக்கொண்டது. வருஷத்துக்கு ஒரு முறை கட்டிங் காசி கழிவுத் தோலில் வெட்டிக் கொடுப்பான், சவுரியம்மாள் தைத்துக் கொடுப்பார். அப்போது மேனேஜராக இருந்த நசீர் அகமது பாய் அந்தப் பக்கம் வந்தால், சீலிங் ஃபேன் சரியாகச் சுற்றுகிறதா என்று அண்ணாந்து பார்த்தபடி கடந்துவிடுவார்.

நசீர் அகமது பாய் ரிட்டயர் ஆனார். அவருக்குப் பதிலாக எதிர்காலம் வந்தது.

இளைய டைரக்டர் தன்சீல் அகமது வெளிநாட்டில் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார். ஃபைல்களை அடுக்கி வைப்பது என்கிற பழக்கமே செத்துவிட்டது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். செத்த ஒன்றைத் தம் கம்பெனியில் வைத்திருக்கிறோமே என்று அவருக்குக் கூச்சமாகப் போயிற்று. திரும்பி வந்ததும் ‘கோப்பு மேலாண்மை எதிர்காலப் பிரிவு’ என்று ஒன்றைத் தொடங்கி, கண்ணாடிக் கதவு போட்டு, சென்னையிலிருந்து நவநீதன் என்பவரைத் தலைவராகக் கொண்டுவந்தார். நவநீதன் கழுத்தில் எப்போதும் ஓர் அடையாள அட்டை தொங்கும். அதன் இரண்டு பக்கத்திலும் அவர் படமே இருந்தது. எப்படிப் புரண்டாலும் அவர்தான்.

“ஃபோல்டர்னா என்ன?” என்று நவநீதன் சமோசா நாளில் கேட்டார். எல்லோர் வாயிலும் சமோசா இருந்தது. “ஒரு வேலி. இது என்னோடது, அது உன்னோடது. பண்ணையார் புத்தி. எதை எங்க வச்சோம்னு ஞாபகம் வச்சுக்கிறதுக்கா மனுஷ மூளை? இனிமே வைக்கிறது நீங்க, எடுத்துக் குடுக்கிறது ஞாபிகா. ஞாபிகாங்கிறது நம்ம புது சிஸ்டம். நீங்க அவகிட்ட பேசினாப் போதும். மனுஷன் இனிமே சிந்திக்க மட்டும் செய்வான்.”

“இன்னாத்தைப் பத்தி சார்?” என்று பின்வரிசையிலிருந்து காசி கேட்டான்.

“அதை அடுத்த கட்டத்துல சொல்றோம்.”

இதை விளக்கும் படங்களைத் திரையில் காட்ட அவர் தம் லேப்டாப்பைத் திறந்தார். ‘நியூ ஃபோல்டர்’ என்று ஒன்று இருந்தது. அதில் இல்லை. ‘நியூ ஃபோல்டர் 2’ இருந்தது. அதிலும் இல்லை. வரிசையாகப் போய் ‘நியூ ஃபோல்டர் 7’ஐத் திறந்தபோது, கொடைக்கானலில் அவர் ஒரு குதிரைமேல் உட்கார்ந்திருந்தார். கூட்டம் கை தட்டியது. தன்சீல் அகமது மெதுவாகக் குனிந்து, “உங்க லேப்டாப்பையும் ஞாபிகாவுல சேர்த்துடலாமே” என்றார்.

“நோ சார்” என்று நவநீதன் பதறிப்போனார். “இதுல முக்கியமான ஃபைல்ஸ் இருக்கு.”

சாயங்காலம் அன்பரசன் தன் இடத்துக்குப் போனபோது திரை வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. ஃபோல்டர்கள் இல்லை. குப்பைத் தொட்டியின் படமும் இல்லை. நடுவில் ஒரு கட்டம் மட்டும். அதன்மேல் ‘மனம்விட்டுக் கேளுங்கள்’ என்று எழுதியிருந்தது.

அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ‘ஜோதி வலது’ என்று தட்டினான்.

ஞாபிகா யோசித்தாள். யோசிப்பதற்கு அடையாளமாக ஒரு வட்டம் சுற்றியது. பிறகு பதில் வந்தது: ‘ஜோதி தொடர்பாக, கார்த்திகை தீப விடுமுறை அறிவிப்பு ஒன்று உள்ளது. வலது தொடர்பாக, சைக்கிள் ஸ்டாண்டுக்குச் செல்லும் வழி உள்ளது. உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது: நாளைய கேன்டீன் பட்டியல்.’

மறுநாள் லெமன் சாதம். அது சரியாகத்தான் இருந்தது.

அந்த வாரமே ஜோதி போன் செய்தாள்.

“இன்னாடா, ஷூ இன்னா ஆச்சு? பழசு வாயைப் பொளந்துக்கிச்சு. கடைச் செருப்புல துணியைத் திணிச்சிக்கினு நடக்கிறேன். குதிகால் புண்ணாயிட்ச்சு. ஊருக்கெல்லாம் நான் மருந்து வச்சுக் கட்றேன், எனக்கும் நானே கட்டிக்கிறேன்.”

“கொஞ்சம் பொறுத்துக்கக்கா. ஆபீஸ்ல சிஸ்டம் மாத்திட்டாங்க.”

“மழைக்கு முன்னாடி வேணும்டா. மழை புடிச்சா அந்தப் பாதையில செருப்போட ஏற முடியாது.”

“கெடைச்சிடும்க்கா.”

“கெடைச்சிடும்னா? தொலைச்சிட்டியா?”

தொலைக்கவில்லை, எங்கே இருக்கிறது என்று தெரியும், ஆனால் அந்த இடம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இதை எப்படி போனில் சொல்வது? “சிக்னல் சரியில்லக்கா” என்று வைத்துவிட்டான்.

புதிதாக வரைந்துவிடலாம் என்று உட்கார்ந்தான். புது ஃபைல் திறக்கும் இடத்தில் ஓர் அறிவிப்பு வந்து நின்றது. ‘புதிய கோப்பு தேவையில்லை. தேவையான அனைத்தும் ஏற்கெனவே உள்ளன. புதிய கோப்பு வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், நீங்கள் சரியாகத் தேடவில்லை என்று பொருள்.’

கடைசியில் கண்ணாடிக் கதவைத் தட்டினான்.

“சார், ஒரு பேட்டர்ன் ஃபைல் தொலைஞ்சு போச்சு.”

நவநீதன் கையைத் தூக்கித் தடுத்தார். “அந்த வார்த்தையை இங்க யூஸ் பண்றதில்ல. எதுவும் தொலையறதில்ல அன்பரசன். அது இன்னும் சந்திக்கப்படாத கோப்பு.”

“எப்போ சார் சந்திக்கலாம்?”

“அதுக்கு நீங்க தயாரா இருக்கணும். கடைசியா அந்த ஃபைலைப் பாத்தப்போ உங்க மனநிலை என்ன? வெயிலா, மழையா? பக்கத்துல யாரு இருந்தாங்க? ஞாபிகா பெயரை வச்சுத் தேடமாட்டா, சூழலை வச்சுத்தான் தேடுவா.”

“மத்தியானம் சார். வேர்த்துது. காசி பீடி வாங்கப் போயிருந்தான்.”

நவநீதன் இதையெல்லாம் கவனமாக எழுதிக்கொண்டார். எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தாளை எங்கே வைத்தோம் என்பதை அவர் மறக்கக்கூடாதல்லவா.

செவ்வாய்க்கிழமைதோறும் ‘கோப்பு நினைவுகூரல் கூட்டம்’ நடந்தது. சந்திக்கப்படாத கோப்புக்காரர்கள் எல்லோரும் கான்ஃபரன்ஸ் ஹாலில் கண்ணை மூடிக்கொண்டு தங்கள் ஃபைலை மனதுக்குள் கூப்பிட வேண்டும். மெல்லிய புல்லாங்குழல் இசை ஒலிக்கும். டிரான்ஸ்போர்ட் பிரிவு சாமுவேல், துறைமுகத்தில் நிற்கிற கண்டெய்னரின் பில்லைக் கூப்பிட வந்திருந்தார். முதல் கூட்டத்திலேயே அவருக்கு ஒரு ஃபைல் நினைவுக்கு வந்தது. அது வேறு ஃபைல், ஏற்கெனவே அவர் மேஜைமேல்தான் இருந்தது. ஆனாலும் எதிர்காலப் பிரிவு அதை ஒரு வெற்றியாக எழுதிக்கொண்டது. அன்பரசன் கண்ணை மூடியதும் தூங்கிப்போனான். ஏசி ஹாலில் உட்கார வேறு சந்தர்ப்பம் அவனுக்கு அமைந்ததில்லை.

மனிதர்கள் ஒழுங்காக இருப்பார்களா? ஒவ்வொரு பிரிவிலும் ஆட்கள் கைக்குக் கிடைத்ததைப் பிரின்ட் எடுத்து ஒளித்து வைக்க ஆரம்பித்தார்கள். ஷூ கம்பெனியில் அட்டைப் பெட்டிக்கா பஞ்சம்? மேஜைக்கடியில் ஷூ பெட்டிகள் முளைத்தன. பெட்டிமேல் ஸ்கெட்ச் பேனாவால் ‘ஜெர்மனி’, ‘பையர் திட்டினது’, ‘தொடாதே’.

எதிர்காலப் பிரிவு ஒருநாள் சோதனை போட்டது. “இது ஃபோல்டர்தான், அட்டை வேஷம் போட்டுக்கிட்டு வந்திருக்கு” என்று நவநீதன் ஒரு பெட்டியைத் தூக்கிக் காட்டினார். எல்லாவற்றையும் பறிமுதல் செய்து கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய், எந்தப் பிரிவு, எந்த மாதம், எந்த பையர் என்று சீட்டு ஒட்டி அழகாக அடுக்கி வைத்தார்கள். பிறகு யாருக்கு எது வேண்டுமென்றாலும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்த ஒரு மாதம் கம்பெனியில் வேலை நன்றாகவே நடந்தது. ஞாபிகாவின் சாதனை என்று டைரக்டர் மெயில் போட்டார்.

அடுத்து வந்தது கேக். ‘ஒரு பொருள், ஒரு கோப்பு’ திட்டத்துக்காக.

ஒரே மாதிரி இருக்கிற ஃபைல்களையெல்லாம் ஞாபிகா தானே கண்டுபிடித்து, சிறந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுவாள் என்று சொன்னார்கள். கேக் வெட்டி முடிப்பதற்குள் நீக்கிவிட்டாள். கம்பெனியின் பேட்டர்ன் ஃபைல்களில் சரிபாதி காலி.

“ஐம்பது சதவீதம்!” என்றார் நவநீதன். “பாதிக்குப் பாதி டூப்ளிகேட்! இத்தனை வருஷமா இந்தக் கம்பெனி எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா வச்சிருந்திருக்கு. யாருமே ஏன்னு கேட்கல!”

யாருமே ஏன் என்று கேட்காததற்குக் காரணம் காசிக்குத்தான் முதலில் புரிந்தது. முப்பத்தொன்பதாம் நம்பர் லேடீஸ் வாக்கிங் ஷூ, ஜெர்மனி ஆர்டர், புது சிஸ்டத்தில் மொத்தமாக வெட்டுகிற முதல் லாட். வெட்டத் தொடங்கியவன் மெஷினை நிறுத்திவிட்டு பேட்டர்ன் ரூமுக்கு ஓடி வந்தான்.

“அண்ணே, எடது கால்தான் வருது. வலதையே காணோம்.”

இருவருமாகக் கண்ணாடிக் கதவுக்குப் போனார்கள். நவநீதன் பொறுமையாக விளக்கினார். “இடதும் வலதும் ஒண்ணோட ஒண்ணு தொண்ணூத்தெட்டு சதவீதம் ஒத்துப்போகுதுப்பா. மீதி ரெண்டு சதவீதத்துக்காக இன்னொரு ஃபைலா?”

“அந்த ரெண்டு சதவீதந்தான் சார் இன்னொரு காலு” என்றான் காசி.

“இடதைக் கவுத்துப் போட்டா வலது வந்துடும் சார்” என்றான் அன்பரசன். “ஒரு நிமிஷ வேலை. ஆனா புது ஃபைலா சேவ் பண்ணணும்.”

“புது ஃபைலா?” நவநீதன் முகத்தில் ஒரு வேதனை வந்தது. “நாம எவ்வளவு தூரம் வந்துட்டோம், மறுபடி அங்கயே போகணுமா? வலது வேணும்னா ஞாபிகாகிட்ட கேளுங்க. மனம்விட்டுக் கேளுங்க.”

டைரக்டர் முன்னிலையில், கான்ஃபரன்ஸ் ஹாலின் பெரிய திரையில், நவநீதனே கேட்டார். ‘வலது கால்.’

வட்டம் சுற்றியது. கம்பெனியின் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் ஞாபிகா தேடினாள். ‘வலது கால்: ஒன்று கிடைத்தது. வேறு எதுவும் இல்லாததால் பொருத்தம் நூறு சதவீதம்’ என்று பச்சை நிறத்தில் ஒரு டிக் போட்டாள். வரைபடம் மெல்ல விரிந்தது.

கணுக்காலருகே ஒரு சின்னப் புடைப்பு. குதிகாலுக்குள் அரை விரற்கடை மேடு. பெருவிரல் பக்கம் லேசாக உள்வாங்கிய வளைவு. அன்பரசனுக்குத் திருவிழாக் கூட்டத்தில் அக்காவைப் பார்த்ததுபோல் இருந்தது.

நடந்தது இதுதான். ஒழிப்பு நாளன்று எல்லா இடத்தையும் துடைத்த எதிர்காலப் பிரிவு ரீசைக்கிள் பின்னை மட்டும் தொடவில்லை, படத்தை மறைத்ததோடு சரி. குப்பை ஹவுஸ்கீப்பிங் பொறுப்பு, எங்கள் வரம்பில் வராது என்று கோப்பிலேயே எழுதியிருந்தார்கள். ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டர் முஜாஹித் வாளியும் மாப்பும் கொண்டு வருகிறவர். அவருக்கு இந்தப் பொறுப்பு வந்தது தெரியாது. அதனால் கம்பெனியில் உயிரோடு மிஞ்சிய ஒரே வலது கால் ஜோதியுடையது.

“சார்” என்றான் அன்பரசன். “இது எங்க அக்கா காலு.”

ஹாலில் எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின.

“எங்க அக்கா ஜோதியோட வலது காலு சார். நான் வரைஞ்சது. முப்பத்தாறு. ஆர்டருக்கு ஆவாது.” சொல்லி முடித்ததும் வேலை போய்விட்டது என்றே நினைத்தான்.

நவநீதன் சிரித்தார். “அன்பரசன், கம்பெனி சிஸ்டத்துல சொந்த ஃபைல் இருக்கக்கூடாதுன்னு கொள்கை இருக்கா?”

“இருக்குது சார்.”

“இருக்கக்கூடாதுன்னா இருக்காது. இல்லாத ஒண்ணை நீங்க எப்படிப் பாக்க முடியும்?”

தன்சீல் அகமது அன்போடு எட்டிப் பார்த்தார். “ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோங்க அன்பரசன். ரொம்பத் தளர்ந்து தெரியறீங்க.”

“அப்போ இதை ஒரு காப்பி மட்டும் எடுத்துக்கட்டா சார்?”

“காப்பின்னா டூப்ளிகேட்” என்றார் நவநீதன்.

அன்பரசன் தன் நாற்காலிக்குத் திரும்பினான். பேசி என்ன ஆகப்போகிறது? கட்டிங்கில் வலதுகள் சின்னச் சின்னதாக விழுந்தன. சூப்பர்வைசரிடம் போய்க் காசி சொன்னான். “பச்சை டிக் இருக்குதா?” என்றார் அவர். “இருக்குது.” “அப்போ வெட்டு. உனக்கு இன்னாத்துக்கு பேஜாரு?” ஷூவை ஏற்றி வடிவம் பிடிக்கும் பிளாஸ்டிக் காலுக்கு லாஸ்ட் என்று பெயர். ஞாபிகா தந்த வேலைச் சீட்டில் இடதுக்கு முப்பத்தொன்பது, வலதுக்கு முப்பத்தாறு என்று இருந்தது. சீட்டில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள்.

தையல் வரிசையில் சவுரியம்மாள் ஒரு வலது மேல்தோலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்பரசன் அந்தப் பக்கம் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினார்.

“தம்பி, இது நம்ம ஜோதி காலு இல்ல? வருஷா வருஷம் தைக்கிறேன், எனக்குத் தெரியாதா?”

“சும்மா இரு சவுரிம்மா. கொள்கைப்படி அது ஜோதி காலு இல்ல.”

“நான் ஜெபத்துல கேட்டிருந்தாகூட ஒண்ணுதான் கெடைச்சிருக்கும். உன் ஞாபிகா லாட்டு லாட்டா குடுக்கிறாளே!”

லாட்டு லாட்டாக இருந்து என்ன? ஒவ்வொன்றிலும் பார்கோடு ஒட்டியிருந்தது. ஒற்றை ஷூவோடு யாரும் கேட்டைத் தாண்ட முடியாது. அன்று போனில் ஜோதியிடம் சொன்னான்.

“அக்கா, உன் ஷூ தயாராவுது.”

“அப்பாடா. எப்போ தருவ?”

“தர முடியாதுக்கா. ஜெர்மனிக்குப் போவுது.”

“இன்னாடா ஒளர்ற? எத்தினி ஜோடி?”

“ஒரு லாட்டு.”

“நீ குடிக்க ஆரம்பிச்சிட்டியா?” என்றாள்.

கடைசியில் பிரியாணி வந்தது. தென்மண்டல நாளைய அலுவலகப் பேரவை என்று ஓர் அமைப்பு. அதன் தலைவி விஜயகுமாரி அம்மாள், மேன்மை ஷூஸுக்கு விருது கொடுக்க நேரில் வந்தார். கேட்டிலிருந்து மேடைவரை சிவப்புக் கம்பளம். புது லாட்டின் முதல் ஜோடியை அவருக்கே அணிவிப்பதாக ஏற்பாடு. முன்னதாகவே அளவு கேட்டு வாங்கியிருந்தார்கள். அம்மாளுக்கும் முப்பத்தொன்பது.

இடது கால் சுகமாக நுழைந்தது. அம்மாள் புன்னகைத்தார். வலது கால் பாதியில் நின்றது. அம்மாள் புன்னகையை அப்படியே வைத்துக்கொண்டார். நவநீதன் மண்டியிட்டார். போதாததால் டைரக்டரும் மண்டியிட்டார். கேமராக்காரர் இதை மரியாதை என்று நினைத்து நிறையப் படம் எடுத்தார். முடிவில் விரல்களை மட்டும் உள்ளே திணித்து, குதிகாலை வெளியே நிறுத்தி, அம்மாள் மைக்கை நோக்கி நடந்தார். மேடைக்கு ஒரு பக்கம் உயரம் கூடியதுபோல் இருந்தது.

“பழைய ஷூ நம்ம காலுக்குத் தக்கபடி வளைஞ்சு குடுத்தது” என்று தொடங்கினார். நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. “புது ஷூ நம்மை வளையச் சொல்லுது. கணினியும் அப்படித்தான். அது நமக்குப் பயன்படணும்னு நினைக்கிறது பழங்காலத்து சுயநலம். நாம அதுக்குப் பயன்படணும். வலிக்குதேன்னு கேட்பீங்க. வலிக்கிறது எதிர்காலம் இல்ல, நம்ம கால்.”

கை தட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. நவநீதனுக்குக் ‘கோப்பு விடுதலை வீரர்’ என்று பட்டயம் வழங்கினார்கள். அதை வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் விழா முடியும்வரை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். பிரியாணி நன்றாக இருந்தது, கத்திரிக்காய் மட்டும் கம்மி.

ஜெர்மனி பையரின் ஆய்வாளர் அடுத்த வாரம் வந்தார். ஒரு பெட்டியைத் திறந்தார். இடதைப் பார்த்தார், வலதைப் பார்த்தார். இன்னொரு பெட்டி. இன்னொன்று. பிறகு ஜன்னலருகே போய், வெளியே வாணியம்பாடி பஸ்கள் போவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். லாட் முழுவதும் ரிஜெக்ட்.

விசாரணை நடந்தது. கால்களிடையே போதிய ஒருமைப்பாடு இல்லாததே காரணம் என்று அறிக்கை வந்தது. இனி இப்படி நேராமலிருக்க, எல்லாக் கம்ப்யூட்டர்களின் ரீசைக்கிள் பின்னையும் நிரந்தரமாகக் காலி செய்யும்படி உத்தரவு. ‘ஜோதி வலது’ அன்று உண்மையிலேயே போனது. சந்திக்கப்படாத கோப்பு என்றுகூட இனி அதைச் சொல்ல வழியில்லை. நவநீதன் இதைவிடப் பெரிய கம்பெனிக்கு, இதைவிடப் பெரிய கண்ணாடிக் கதவுக்குப் போய்விட்டார். போகும்போது பறிமுதல் பெட்டிகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி, தம் சாமான்களை அதில் போட்டு, மேலே ‘நவநீதன்’ என்று எழுதிக்கொண்டார்.

ரிஜெக்ட் ஷூக்களைக் கம்பெனி வாசலில் பந்தல் போட்டுச் சல்லிசாகத் தள்ளினார்கள். ஊரே வந்தது. போட்டுப் பார்த்தது, சிரித்தது, கழற்றி வீசியது. ஒரு ஜோடிகூட நகரவில்லை.

மத்தியானம் ஆலங்காயம் பஸ்ஸிலிருந்து ஜோதி இறங்கினாள். வலது குதிகாலில் கட்டு, கடைச் செருப்பு, முகம் நிறையக் கோபம். அன்பரசன் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டான். குவியலிலிருந்து கைக்கு வந்த ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தான். அவள் இடதைப் போட்டாள். வலதைக் கொஞ்சம் பயந்தபடி போட்டாள். எழுந்தாள். பந்தலைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, ரோட்டோரமாக நடந்து போனாள். திரும்பி வரும்போது நொண்டவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவளுடைய சொந்த நடையில் வந்தாள்.

“கடிக்கலடா.”

“கடிக்காது.”

குவியலைப் பார்த்தாள். “இதுல எதுடா என்னுது?”

“எல்லாமே உன்னுதுதான்க்கா. ஒவ்வொரு ஜோடியும்.”

ஜோதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த மலையை மேலும் கீழும் பார்த்தாள். “நெசமாவே குடிக்கலியா நீ அன்னிக்கு?” என்றாள். பிறகு, “இவ்ளோவும் தேயிற வரைக்கும் நடக்கணும்னா, கவர்மென்ட்டு என்னை ரிட்டயர் ஆகவே வுடக்கூடாது” என்றாள்.

ஓர் ஆட்டோ தாங்குகிற அளவு ஏற்றினார்கள். ஃபைல் போய்விட்டது, ஷூ இருக்கிறது, அக்காவின் ஆயுசுக்குப் போதும் என்று அன்பரசன் மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். அதில் சந்தோஷப்படலாமா என்று யோசிக்க அவனுக்குத் தெம்பில்லை.

ஜோதியின் வீட்டில் பரண்மேல் பெட்டிகளை ஏற்ற ஆரம்பித்தபோது அவள் தடுத்தாள். உள்ளே போய்த் தடுப்பூசிப் பெட்டியில் எழுதுகிற மார்க்கரை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டிமேலும் எழுதினாள். ‘மழைக்கு.’ ‘மலைப்பாதைக்கு.’ ‘கலெக்டர் மீட்டிங்குக்கு.’ ‘கல்யாணத்துக்கு.’ ‘இன்னொரு கல்யாணத்துக்கு.’

“இன்னாத்துக்கு வேலை மெனக்கெட்டு எழுதுற? எல்லாம் ஒரே ஷூதானே?” என்றான் அன்பரசன்.

“இருக்கட்டும்டா” என்றாள் ஜோதி, அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டே. “நாளைக்கு உங்க ஆபீஸ் ஆளுங்க இங்கயும் வந்து, எல்லாம் டூப்ளிகேட்டுன்னு சொல்லி, ஒண்ணை மட்டும் வுட்டுட்டு மீதியைத் தூக்கிக்கினு போய்ட்டா?”